நன்னி சொன்ன தீர்ப்பு

ஆசிரியப் பணியில் இருப்பவன் அறிவுரை சொல்லாமல் இருக்க மாட்டான். கேட்டவருக்கும் சொல்லுவான், கேளாதவருக்கும் சொல்லுவான். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற நானும் அதற்கு விலக்கல்ல. சொன்னவற்றுள் எத்தனை பயன் தந்தன, எத்தனை காற்றோடு போயின என்று நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஓர் அறிவுரை மட்டும் இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது. கேட்டவர் அதை மீறியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அவர் அப்படியே நிறைவேற்றிவிட்டார்.

எங்கள் ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டிய ஊர். மழை பொய்த்த கரிசல் பூமி. ஆனால் அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் வாய்ப்பாயிற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கே கைக்கு வேலை இல்லாத வீடு அரிது. ஆலைக்குப் போகிறவர் போக, வீட்டில் இருக்கும் பெண்களும் முதியவர்களும் பெட்டி ஒட்டுவார்கள். காகிதக் குழாய் உருட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி.

என் அத்தா ஓர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்தார். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. திருமணத்திற்கு முன்பு, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொழிலாளர்கள் சேர்ந்து போடும் சமூக நாடகங்களில் அவர் நடித்தார். அவருடைய பள்ளிக்கூடம் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம்தான். பங்குனி தொடங்கி ஆடி வரை இந்த வட்டாரத்துக் கிராமங்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் எழும்பும். முதலில் பபூன் வருவார். பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட். கிழக்கு வெளுக்கும்போது மங்களம் பாடுவார்கள்.

அந்த நாடகத்தின் நடைமுறையை அத்தா எனக்கு விளக்கியபோது வியந்து போனேன். ஒரு மேடையில் கூடி நடிப்பவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் ஒருவர் வீசும் கேள்வியை மற்றவர் கீழே விழாமல் பிடிப்பார். எல்லோர் நெஞ்சிலும் ஒரே பாடம் இருந்தது. அதனால் அது முடிந்தது.

அத்தாவுக்கு அரிச்சந்திர மயான காண்டம் முழுவதும் மனப்பாடம். மிஷின் ஓடும் இரைச்சலில் அவர் வாய்க்குள் வசனம் ஓடிக்கொண்டிருக்கும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். ஒரு நாள் பெரியத்தா அழைத்து, "கூத்தாடினது போதும், குடும்பத்தைப் பாரு" என்றார். அத்தா மறுபேச்சுப் பேசவில்லை. மேடையை விட்டு இறங்கினார். நடிப்பு ஆகுமா ஆகாதா என்ற மார்க்கத் தீர்ப்பை நான் ஆலிம்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது உழைப்பைப் பற்றி. உழைப்பவனுக்கு நாம் தரும் மதிப்பைப் பற்றி.

மேடையை விட்ட அத்தா, மேடையின் மீது வைத்த மதிப்பை விடவில்லை. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. சில ஆண்டுகளில் நெடுந்தொடர்கள் வீடுகளைப் பிடித்துக்கொண்டன. 1999இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியபோது தெருவே அந்த நேரத்தில் அடங்கிப் போனது. 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தால் தமிழ்நாட்டையே உலுக்கிய எம்.ஆர். ராதாவின் மகள் அவர். தந்தை மேடையில் ஆண்டார். மகள் சின்னத்திரையில் ஆண்டார். ஒரே தலைமுறையில் காலம் அப்படிப் புரண்டுவிட்டது. பழைய நாடகக்காரர் ஒருவரைத் தொடரில் கண்டுவிட்டால் அத்தா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "மேடையில நின்னவன் பெட்டிக்குள்ள போயி அடைஞ்சுக்கிட்டான்" என்பார். அந்த வாசகம் என் மனத்தில் பதிந்துவிட்டது. 2004இல் அவர் மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற சொத்துகளில் ஒன்றாக அந்த இகழ்ச்சியையும் நான் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த அறிவுரைக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர். பட்டாசு ஆலைத் தொழிலாளியின் மகன். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கிழவன் வேடம் போட்டு, பார்த்துக்கொண்டிருந்த பெற்றோரைக் கண்கலங்க வைத்தவர். மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது நவீன நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். படிப்பு முடிந்தும் அந்தக் குழுவிலேயே ஆறு ஆண்டுகள் இருந்தார். உடற்பயிற்சி, குரற்பயிற்சி, பறையடிக்கப் பழகுதல், ஊர் ஊராகச் சென்று நடித்தல். வயிற்றுக்குப் போதும் போதாது என்ற வாழ்க்கை.

2010 தீபாவளி முடிந்த வாரம். ஆலைகள் விடுமுறையில் இருந்தன, ஊரே களைப்பாறிக்கொண்டிருந்தது. அந்த மாணவர் என்னைத் தேடி வந்தார். சென்னையில் ஒரு நெடுந்தொடரில் கதாநாயகனின் தம்பி வேடம் கிடைத்திருப்பதாகவும், நாளொன்றுக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசியிருப்பதாகவும் சொன்னார். அவர் சொன்ன தொகை நாடகக் குழு மாதம் முழுவதும் தருவதைவிட அதிகம். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் வீட்டில் இருந்தது.

"போகலாமா சார்?" என்று கேட்டார்.

எனக்குள் இருந்து அத்தா பேசினார். "ஆறு வருஷம் உன்னைச் செதுக்கினது மேடை. அவங்க ஆறே நாள்ல மழுக்கிடுவாங்க. கண்ணை உருட்டுறதும் கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்குறதும் நடிப்பா? போகாதே. உன்னை வித்துடாதே" என்றேன்.

அவர் தலையைக் குனிந்து சற்று நேரம் இருந்தார். "சரி சார்" என்று எழுந்து போனார். ஓர் இளைஞனைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணி அன்று இரவு நான் நிம்மதியாக உறங்கினேன். கடன் யாருடையது, அடுப்பு யாருடையது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. என்னுடைய மாதச் சம்பளம் முதல் தேதியன்று தவறாமல் வங்கியில் ஏறிக்கொண்டிருந்தது.

மறு ஆண்டு, 2011இல், எங்கள் வீட்டில் ஓர் இரவு. அம்மாவைப் பெற்ற நன்னி அப்போது எங்களோடு இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. கண் மங்கியிருந்தது, விரல் மங்கவில்லை. தன் கைச்செலவுக்கும், தான் கொடுக்க நினைத்தவர்களுக்குக் கொடுப்பதற்கும் யாரையும் கேட்கக் கூடாது என்று காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி கூடத்தில் இருந்தது. இஷா தொழுது முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு 'தென்றல்' தொடருக்கு முன்னால் குழாய்க் கட்டுடன் அமர்வது நன்னியின் வழக்கம். ரமலான் மாதத்தில் மட்டும் அந்தப் பெட்டியின் மீது துணி போர்த்திவிடுவார்.

அன்று திரையில் ஒரு மூதாட்டி தோன்றினார். நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் தாயாக வந்த எஸ்.என். லட்சுமி. அரை நிமிடம்தான் இருக்கும், பேசிவிட்டுத் திரும்பினார். அவர் பேச்சுக்கு முன்னும் பின்னும் இடி முழக்கம்போல் பின்னணி இசை. மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக மூன்று முறை காட்டினார்கள். நான் பொறுமை இழந்தேன்.

"ஏன் நன்னி, இத்தனை திறமை உள்ள அம்மா இதுல வந்து நடிக்கணுமா? நாடக மேடையில நின்னவங்களுக்கு இது கேவலம் இல்லையா?" என்றேன்.

நன்னி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை உருட்டிக்கொண்டே இருந்தது.

"இவ பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு. மெட்ராஸ்காரி இல்ல. என் வயசு இருக்கும்" என்றார் முதலில். பிறகு கையிலிருந்த குழாயை என்னிடம் நீட்டினார். "அமுக்கிப் பாரு."

அமுக்கினேன். கல் போல இருந்தது.

"இதுக்குள்ள என்ன மருந்து போடுவான், யாரு வெடிப்பான், எந்த ஊருல வெடிப்பான், எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியலங்கறதுக்காகத் தளர்வா உருட்டிக் குடுக்கலாமா? தளர்ந்தா வெடி புஸ்ஸுன்னு போயிரும். அவளும் இறுக்கமா உருட்டுறா, தம்பி. அம்புட்டுத்தான். கூலிக்குச் செய்யிறது கேவலம்னா, இந்த வீட்டுல அம்புட்டுப் பேரும் கேவலந்தான்."

நான் பேசாமல் எழுந்து போனேன். சொன்னது விளங்கியது, ஏற்றுக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

2012 பிப்ரவரி 20ஆம் நாள் எஸ்.என். லட்சுமி சென்னையில் காலமானார். மறுநாள் செய்தித்தாளைப் பள்ளி ஆசிரியர் அறையில் படித்தேன். எஸ்.என். என்பதில் முதல் எழுத்து அவர் பிறந்த ஊரைக் குறிப்பது. அந்த ஊர் சென்னல்குடி. எங்கள் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர். நன்னியின் காது தவறவில்லை! சிறு வயதிலேயே வீட்டை விட்டு நாடகத்துக்குப் போனவர். 1948இல் வந்த 'சந்திரலேகா' படத்தின் புகழ்பெற்ற முரசு நடனத்தில் கூட்டத்தோடு ஒருவராக ஆடியவர். ஆயிரத்து ஐந்நூறு நாடகங்களுக்கு மேலும் இருநூறு திரைப்படங்களுக்கு மேலும் நடித்தவர். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் நம்மைச் சிரிக்க வைத்த பாட்டியும், 'மகாநதி'யிலும் 'விருமாண்டி'யிலும் நெஞ்சைக் கனக்க வைத்த முதியவளும் அவரே. 'தென்றல்', 'சரவணன் மீனாட்சி' தொடர்களில் அவர் நடித்தபோது எண்பதைத் தாண்டிவிட்டிருந்தார்.

திருமணம் செய்துகொள்ளாதவர் அவர். தம் உழைப்பை நம்பியே வாழ்ந்தவர். எண்பது வயதிலும் ஒரு பெண் முகத்தில் அரிதாரம் பூசி, விளக்கின் முன் நின்று, தன் சோற்றைத் தான் சம்பாதித்தாள். அதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்தபோது, என் மாணவரின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றி நிதானமாகச் சிந்திக்கத் தொடங்கினேன். மேடையில் பெயர் பெற்றவர்கள் தொலைக்காட்சித் தொடருக்குப் போவது நம் ஊர்ச் செய்தி மட்டுமன்று.

வடநாட்டில் சுரேகா சிக்ரி என்று ஒரு நடிகை இருந்தார். தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, அதன் நாடகக் குழுவிலேயே பத்து ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். நாட்டுப் பிரிவினையின் துயரத்தைச் சொன்ன 'தமஸ்', எல்லைக் கோட்டால் உறவை இழந்த முஸ்லிம் பெண்களின் கதையான 'மம்மோ', பிற்காலத்தில் 'பதாயி ஹோ' ஆகிய மூன்றிலும் நடித்ததற்காகத் தேசிய விருது மூன்று முறை அவரைத் தேடி வந்தது. அத்தகையவர் 2008இல் தொடங்கிய 'பாலிகா வது' நெடுந்தொடரில் கடுகடுப்பான மூத்த தாயாக ஆண்டுக்கணக்கில் நடித்தார். தமிழில் அது 'மண் வாசனை' என்ற பெயரில் வந்தது. தமிழ்க் குரல் வேறொருவருடையது. சுரேகாவின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நடந்து வரும்போது அந்த வீடே ஒடுங்குவதை நம் வீட்டுப் பெண்கள் கண்டார்கள். குரலை எடுத்துவிட்ட பிறகும் மிச்சம் நிற்கிறதே, அதுதான் மேடை தந்த பயிற்சி.

2020 ஊரடங்கின்போது, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் படப்பிடிப்புக்கு வரக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு கட்டுப்பாடு விதித்தது. நோயுற்றிருந்த நிலையிலும் சுரேகா சிக்ரி, தமக்கு வேலைதான் வேண்டும், பிறரிடம் உதவி பெறுவதன்று என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்தபோது நன்னி குழாயை நீட்டியது போலவே இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார்.

கடல் கடந்தும் பாருங்கள். பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் உலகப் புகழ் பெற்று, 'சர்' பட்டமும் பெற்ற இயன் மெக்கெல்லன் 2005இல் அந்தத் தொடரில் பத்து அத்தியாயங்களில் நடித்தார். எவரும் அவரைச் சாதிவிலக்கம் செய்யவில்லை. 2007இல் அவர் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடையில் லியர் மன்னனாக நின்றார்.

இங்கேதான் நான் தேடிய முடிச்சு இருந்தது. அவரால் போகவும் முடிந்தது. திரும்பி வரவும் முடிந்தது. திரும்பி வர ஒரு மேடை அங்கே இருந்தது. அதற்கு அரங்கு இருந்தது; அரசின் மானியம் இருந்தது; சீட்டு வாங்கிக்கொண்டு வரும் மக்கள் இருந்தார்கள். நம் நடிகர் தொடருக்குப் போகிறார் என்றால், போவது குற்றமன்று. அவர் திரும்பிப் பார்க்கும்போது அங்கே மேடை இல்லாமற் போவதே துயரம். அந்த மேடையை இல்லாமல் ஆக்கியவர்கள் யார்? சீட்டு வாங்காத நாம். "நாடகமா? அதற்குக் காசா?" என்று கேட்ட நாம். மேடையிலிருந்த கலைஞனைப் பட்டினி போட்டுவிட்டு, அவன் சோற்றைத் தேடிப் போனதும் "விலைபோனான்" என்கிறோமே, இதைவிட அநியாயம் உண்டா?

நம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் நிலையை 2020 காட்டிக் கொடுத்தது. பங்குனி முதல் ஆடி வரை கிடைக்கும் வருமானம்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு. ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். திருவிழாக்கள் நின்றன. மறு ஆண்டும் அதே பருவத்தில் தொற்றின் அடுத்த அலை. அந்தக் கலைஞர்களில் ஒருவருக்குத் தொடரில் தாத்தா வேடம் கிடைத்தால், "போகாதே" என்று சொல்ல எந்த நாவுக்கு உரிமை இருக்கிறது?

ஆயினும், உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொடரில் ஒரு கலைஞன் எதையும் இழப்பதில்லை என்று நான் வாதிட வரவில்லை. இழக்கிறான். என் அத்தாவின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

மேடை நடிகனுக்கு முடிவு தெரியும். அரிச்சந்திரனாக நிற்பவன், மயானம் வரப்போகிறது என்று அறிந்தே அரண்மனையில் முதல் அடியை எடுத்து வைக்கிறான். அதனால் அவன் அழுகையைச் சேமிக்க முடிகிறது. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே அடக்குவது என்று திட்டமிட முடிகிறது. தொடர் நடிகனுக்கு அடுத்த மாதம் தான் நல்லவனா கெட்டவனா என்பதே தெரியாது. பார்ப்பவர் எண்ணிக்கை கூடினால் வேடம் நீளும். குறைந்தால் புகைப்படத்துக்கு மாலை விழும். வசனத்தைப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுக்க, கேட்டுக் கேட்டுப் பேசுவதும் உண்டு. நெஞ்சில் பாடம் நிற்பதற்கு அங்கே நேரம் இல்லை. ஒரே கோபத்தை, ஒரே கண்ணீரை ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் சூழ்ச்சியே உருவானவர்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் பதிவதையும் நான் நன்மை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது தொலைக்காட்சி என்ற கருவியின் இயல்பன்று. அதே தொலைக்காட்சியில்தான் 1988இல் குல்ஸார் இயக்கிய 'மிர்ஸா காலிப்' வந்தது. நாடகப் பள்ளியில் பயின்ற நஸீருத்தீன் ஷா அந்த உருதுக் கவிஞராகவே வாழ்ந்து காட்டினார். எழுதுபவருக்கு அவகாசமும் நடிப்பவருக்கு முழுக் கதையும் கிடைத்தால், சின்னத்திரையும் பெரிய மேடைதான்.

மேடையிலிருந்து தொடருக்குப் போனவர் அழிந்தே தீருவார் என்பதும் பொய். எங்கள் மாவட்டத்து இராஜபாளையத்தில் பிறந்த ஓர் இளைஞர், ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து நடிப்புப் பழகினார். 2006இல் 'பெண்' என்ற தொலைக்காட்சித் தொடரில் தோன்றினார். 2010 டிசம்பரில் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகனானார். விஜய் சேதுபதியைத்தான் சொல்கிறேன். எல்லோரும் அவர் ஆகிவிட முடியாது, அது வேறு. ஆனால் நான் என் மாணவரிடம் "மழுக்கிடுவாங்க" என்று உறுதியாகச் சொன்ன அதே காலத்தில், பக்கத்து ஊரிலேயே என் சொல்லுக்கு மறுப்பு இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னதே என் பிழை.

எஸ்.என். லட்சுமி மறைந்த மறு மாதம் என் மாணவரைத் தேடிப் போனேன். நாடகக் குழுவால் அவருக்குத் தொடர்ந்து சம்பளம் தர இயலவில்லை. ஊருக்குத் திரும்பி, ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் நின்றுகொண்டிருந்தார். தினசரிக் காலண்டர் தாள்களை அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் வெளியே வந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சுக்க" என்றேன்.

அவர் பதறவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டு, "நீங்க சொன்னதுக்காக மட்டும் நான் விடலை சார். எனக்கும் பயம் இருந்துச்சு. ஆனா நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தா போயிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் பட்டியல்களில் அதுவே மிக நேர்மையானது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நன்னியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் குழாயை உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்தப் பையனைச் சும்மா விட்டுறாத. உன் பள்ளிக்கூடத்துக்குக் கூப்புடு" என்றார். அழைத்தேன். தயங்கினார். மறு ஆண்டு விழாவுக்கு வந்தார். அதிலிருந்து பல ஆண்டுகள், ஷிப்ட் முடிந்து, கையில் காகிதத் தூசியோடு வந்து பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தார். அது அவர் இழந்ததற்கு ஈடு ஆகாது. அவர் மனத்தில் இருந்த மேடை எங்கள் பள்ளிக் கூரைக்குள் அடங்குவதும் அன்று. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவர் முகம் வேறாக இருந்ததை நான் பார்த்தேன்.

நன்னி 2014இல் வபாத்தானார். அவர் இறுதியாக உருட்டிய குழாய்களில் ஒன்றை என் மேசை மீது வைத்திருக்கிறேன். வெறுங்குழாய்தான், அதற்குள் மருந்து இல்லை. அமுக்கினால் இன்றும் அமுங்குவதில்லை.

வாசகச் சகோதர சகோதரிகளே! தொடர் பாருங்கள் என்றோ பார்க்காதீர்கள் என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. அது உங்கள் வீட்டின் நேரம். அதை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் பொறுப்பு. நான் கேட்பவை சிறியவை. திரையில் ஒரு மூத்த முகம் வந்து அரை நிமிடம் பேசிவிட்டுப் போனால், அவர் யார், எந்த மேடையிலிருந்து வந்தார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூட நாடகத்துக்கென்று ஓர் ஐம்பது ரூபாய் கேட்டு உங்கள் பிள்ளை வந்தால், வீண்செலவு என்று விரட்டாதீர்கள். உங்கள் ஊரில் எவரேனும் நாடகம் போட்டால், சீட்டு வாங்கிக்கொண்டு போய் அமருங்கள். கைத்தொழிலோ கலையோ கற்ற ஓர் இளைஞர், "வயிற்றுக்காக இந்த வேலைக்குப் போகட்டுமா?" என்று உங்களிடம் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் வீட்டு அடுப்பை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

இன்று அந்த மாணவர் என் முன்னால் மீண்டும் வந்து நின்று, "போகலாமா சார்?" என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: "போப்பா. அவங்க கொடுக்கறது எதுவா இருந்தாலும் நீ இறுக்கமா உருட்டு. நீ திரும்பி வர்றப்ப இங்க ஒரு மேடை இருக்கணும். அது எங்க பொறுப்பு."

என் நன்னிக்காக துஆச் செய்யுங்கள்.